வயதானால் வழி ஏன் தடுமாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆடியில் அப்பாவை மதுரையிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தோம். வயது 74. வேளச்சேரியில் எங்களுடையது ஐந்தாவது மாடி. வந்து பத்து நாள் ஆகியிருக்கும். பால் பாக்கெட் வாங்கப் போனவர், நான்காவது மாடியில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த பெண் பயந்துபோய் "யாரு?" என்று கேட்க, இவர் "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிரவு போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான்: அல்சைமர்.

அந்த மறதி நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அலைந்தபோது எங்களுக்கு எழுந்த கேள்விகளும், இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டவையும் கீழே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் தொழில்.

வழி தடுமாறுவது வயதின் இயல்பா, நோயா?

இரண்டாகவும் இருக்கலாம். எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புது இடத்தைப் பழகிக்கொள்ள நாளாவது, பெரிய ஆஸ்பத்திரியில் வெளியே வரும் வழி தெரியாமல் நிற்பது, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடுவது எல்லாம் வயதோடு கூடிக்கொண்டே போகும். நோய் இல்லாதவர்களுக்கும் கூடும். முப்பது வருடம் குடியிருந்த தெருவில், தினமும் போய்வரும் கோயிலிலிருந்து திரும்பத் தெரியாமல் நிற்பது வேறு கதை. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை. ஆனால் அன்றைக்கு அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தெரியவில்லை.

மூளையில் "வழி" எங்கே இருக்கிறது?

காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. பெயர் ஹிப்போகேம்பஸ். 1971-இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் எலிகளின் ஹிப்போகேம்பஸில் வினோதமான செல்களைக் கண்டார். எலி கூண்டின் ஒரு மூலைக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், இன்னொரு மூலைக்குப் போனால் வேறொரு செல். இடத்துக்கு ஒரு செல் என்று ஆள் போட்டு வைத்தது மாதிரி. இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர்.

2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய எண்டோரைனல் கார்டெக்ஸில் இன்னொரு வகையைக் கண்டார்கள். எலி நடக்க நடக்க, அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளில் மட்டும் துடிக்கும் செல்கள் அவை. தரையில் கண்ணுக்குத் தெரியாத கோலப்புள்ளி வைத்தது போல இருக்கும். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நடந்தோம் என்று கணக்கு வைக்க இந்தக் கட்டச் செல்கள் உதவுகின்றன. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை தவிர, தலை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று சொல்லும் செல்களும் உண்டு. ஆக, மூளைக்குள் ஒரு வரைபடம், ஒரு அளவுகோல், ஒரு திசைகாட்டி. மூப்பு மூன்றையும் ஒரே மாதிரி தொடுவதில்லை.

வயதானால் இவற்றுக்கு என்ன ஆகிறது?

மறதி நோய் இல்லாத முதியவர்களிடமும் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை சுருங்குகிறது. சுருக்கம் கதையில் பாதிதான்.

அமெரிக்காவில் கரோல் பார்ன்ஸ் பல பத்தாண்டுகளாக வயதான எலிகளை ஆராய்பவர். 1997-இல் அவர் குழு வெளியிட்ட முடிவை என்னால் மறக்க முடியவில்லை. கிழட்டு எலியை ஓர் இடத்தில் ஓடவிட்டு, வெளியே எடுத்து, மறுபடி அதே இடத்தில் விட்டார்கள். இளம் எலியின் மூளை பழைய வரைபடத்தையே திரும்ப விரித்தது. கிழட்டு எலியின் மூளை சில சமயம் முற்றிலும் வேறொரு வரைபடத்தை விரித்தது. இடம் அதே, படம் வேறு. பீரோவில் தேடியது இருக்கிறது, கை வேறு தட்டுக்குப் போய்விட்டது என்கிற மாதிரி.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. புது இடத்துக்குப் போனால் புதுப் படம் போட வேண்டும் அல்லவா? வயதான மூளை சில நேரம் அதைச் செய்யாமல், "இது அந்த இடம்தான்" என்று பழைய படத்தையே எடுத்து நீட்டிவிடும். நான்காவது மாடிக் கதவு அப்பாவுக்கு ஐந்தாவது மாடிக் கதவானது இப்படித்தான் இருக்க வேண்டும். அதே பழுப்பு நிறக் கதவு, அதே இரும்பு கேட், வாசலில் அதே செருப்பு ஸ்டாண்டு!

கட்டச் செல்களின் அளவுகோலும் தளர்கிறது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகர ஆய்வாளர்கள் 2018-இல் இதைக் காட்டினார்கள். ஆரோக்கியமான முதியவர்களிடம் கட்டச் செல்களின் ஒழுங்கு நிலையாக இல்லை. யாருக்கு அது அதிகம் ஆடியதோ, அவர்கள் "எங்கே கிளம்பினேன், இப்போது எங்கே நிற்கிறேன்" என்ற கணக்கிலும் அதிகம் பிசகினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கிழட்டு எலிகளும் தடுமாறவில்லை. இளசுகளுக்குச் சமமாக ஓடியவையும் நிறைய. மனிதர்களிலும் அப்படித்தான். எழுபதைக் கடந்தும் திருவண்ணாமலைச் சந்துகளில் யாரையும் கேட்காமல் நடக்கிறவர்கள் உங்களுக்கும் தெரிந்திருப்பார்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட முன்னால். 2016-இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்று ஒரு மொபைல் விளையாட்டு வந்தது. படகை ஓட்டிக்கொண்டு போய் மிதவைகளைத் தேட வேண்டும். வழி கண்டுபிடிக்கும் திறனை உலகளவில் அளப்பதற்காகவே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹ்யூகோ ஸ்பியர்ஸும் பிறரும் சேர்ந்து உருவாக்கியது அது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். கிடைத்த முடிவு, இருபதைத் தொட்ட பிறகு திறன் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது என்பது. அறுபதில் திடீரென்று விழுவதில்லை. இளமையில் கையிருப்பு அதிகம் என்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சொந்த ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார், எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் எங்கே என்கிறார். நடிக்கிறாரா?

இதைக் கேட்டவர் என் நெருங்கிய நண்பர். கோபத்தில் கேட்டார். நடிப்பு இல்லை.

கலிஃபோர்னியாவில் ஒரு முதியவர் இருந்தார். ஆய்வு ஏடுகளில் ஈ.பி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படுகிறவர். 1992-இல் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு பக்க ஹிப்போகேம்பஸும் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு ஊருக்குக் குடிபோனார். அந்தப் புது வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்கு வழி கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. எத்தனை வருடம் இருந்தும் தெரியவில்லை. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த இளமைக்கால ஊரைப் பற்றிக் கேட்டார்கள். இங்கிருந்து தியேட்டருக்கு எப்படிப் போவீர்கள், அந்தச் சாலை அடைத்திருந்தால் எந்த வழி போவீர்கள் என்றெல்லாம். அதே ஊரில் வளர்ந்த அதே வயதுக்காரர்களுக்குக் குறையாமல் பதில் சொன்னார். 1999-இல் எட்மண்ட் டெங்கும் லாரி ஸ்குவயரும் இதை வெளியிட்டார்கள்.

அதாவது, நெடுங்காலம் நடந்து நடந்து பதிந்த ஊர் மூளையின் பிற பகுதிகளுக்கும் குடிபெயர்ந்துவிடுகிறது. ஹிப்போகேம்பஸ் தளர்ந்தாலும் அது அவ்வளவு சீக்கிரம் அழியாது. புது ஊரைப் பதியத்தான் ஹிப்போகேம்பஸ் வேண்டும். மூப்பு கை வைப்பதும் அங்கேதான்.

எங்கள் அப்பா 46 வருடம் மதுரையில் இருந்தவர். அந்த ஊரின் அமைப்பையும் பாருங்கள். நடுவில் மீனாட்சியம்மன் கோயில், சுற்றிச் சதுரம் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. தெருப் பெயரிலேயே திசை இருக்கிறது. கீழ மாசி வீதியில் நிற்கிறோம் என்றால் கோயிலுக்குக் கிழக்கே நிற்கிறோம். தலையைத் தூக்கினால் கோபுரம் தெரியும். அப்பேர்ப்பட்ட ஊரில் வாழ்ந்தவரை டவர் ஏ, டவர் பி என்று எட்டுப் பெட்டிகளை அடுக்கிய இடத்தில் கொண்டுவந்து விட்டு, "ஏன் குழம்புகிறீர்கள்?" என்று கேட்டோம்.

என் கருத்து இதுதான். நம் வீடுகளில் பெரியவர்களின் வழித் தடுமாற்றம் வெளியே தெரிவது பெரும்பாலும் இடம் மாறும்போது. பாட்டி போன பிறகு தாத்தாவை நகரத்துக்கு அழைத்து வருகிறோம். துக்கம், புது இடம், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்து வருகின்றன. "ஊரில் நல்லாத்தானே இருந்தார், இங்கே வந்து இப்படி ஆயிட்டார்" என்கிறோம். இதில் இரண்டு பக்கமும் ஏமாறலாம். இயல்பான தடுமாற்றத்தை நோய் என்று பயப்படுகிறோம். இன்னொரு பக்கம், ஊரில் பழகிய தடத்தில் நடந்துகொண்டிருந்ததால் அங்கே மறைந்திருந்த உண்மையான நோய் இங்கே வெளிப்படும்போது, "புது இடம், பழகிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

போகும்போது சரியாகப் போகிறார், திரும்பி வரத்தான் தெரியவில்லை. ஏன்?

போவதும் வருவதும் மூளைக்கு ஒரே வேலை இல்லை. போகும்போது "பிள்ளையார் கோயில் வந்தால் இடது, மெடிக்கல் ஷாப் வந்தால் வலது" என்று மனப்பாடம் போதும். திரும்பும்போது அந்த மனப்பாடத்தைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். அல்லது மேலிருந்து பார்ப்பது போல முழு இடமும் மனதில் இருக்க வேண்டும். வயதாக ஆக நாம் மனப்பாட முறைக்குச் சாய்கிறோம். ஜான் வீனர் குழு 2012-இல் முதியவர்களை ஒரு பாதையில் பழக்கிப் பார்த்தது. அதே பாதையில் மறுபடி போவதைவிட, வந்த வழியே திரும்புவதில்தான் இளைஞர்களைவிட அவர்கள் மிகவும் பின்தங்கினார்கள்.

ஆகவே புது இடத்தைக் காட்டும்போது கூட்டிக்கொண்டு போவதோடு நிறுத்தாதீர்கள். திரும்பும்போது அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். போகும்போதே இரண்டு திருப்பங்களில் நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரு வேறு மாதிரி இருக்கும்.

கண், காது, கால் வலி இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்புதான் எவ்வளவு திரும்பினோம் என்று மூளைக்குச் சொல்கிறது. அதுவும் வயதோடு மந்தமாகும். கண்ணில் புரை இருந்தால் பெயர்ப்பலகை தெரியாது. முழங்கால் வலி இருந்தால் கவனமெல்லாம் கால் வைக்கும் இடத்தில்தான் இருக்கும். தெருவை எங்கே பார்ப்பது? அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது எங்களுக்கே அந்தச் சாவி விவகாரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

வடக்கு தெற்கு சொல்லிப் பழகியவர்களுக்குத் திசை மறக்காதா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் தமிழுக்கும் இதற்கும் சுவையான தொடர்பு ஒன்று இருக்கிறது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து 1993-இல் எழுதினார். நகரத்துத் தமிழர் கைக்கெட்டும் பொருளுக்கு இடது, வலது என்கிறார்கள். கிராமத்தவர் அதற்கும் வடக்கு, தெற்கு என்கிறார்கள். "அந்தத் தெக்குப் பக்கத்துச் சொம்பை எடு" என்று சொல்லும் அத்தை உங்களுக்கும் இருந்திருப்பார். ஒரே மொழிக்குள் இரண்டு முறை.

நடைமுறையில் இதன் பயன் பெரியது. அப்பாவிடம் "லிஃப்ட்டுக்கு வலப்பக்கம் மூன்றாவது வீடு" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். லிஃப்ட்டில் ஏறியதுமே அவருக்கு வலம் இடமாகிவிடும். "நம்ம வாசல் கிழக்கே பார்த்தது, லிஃப்ட்டுக்கு வடக்கே" என்று ஒருநாள் என் மனைவி சொன்னாள். "அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். அவர் பேசும் முறையில் வழி சொல்லுங்கள், உங்கள் முறையில் சொல்லாதீர்கள்.

பெண்களுக்கு வழி தெரியாது என்கிறார்களே?

சீ ஹீரோ குவெஸ்ட் தரவில் ஆண்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஆனால் ஆண்-பெண் சமத்துவம் கூடிய நாடுகளில் அந்த இடைவெளி குறைந்தது, சமத்துவமில்லாத நாடுகளில் கூடியது. கடைக்குக்கூடத் துணையோடு அனுப்பிவிட்டு, எழுபது வயதில் "அம்மாவுக்குத் தனியாப் போகத் தெரியாது" என்பது மூளையின் குறை இல்லை.

கூகுள் மேப் பார்த்தே போவதால் மூளை மழுங்குமா?

"மழுங்கும்" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உதறித் தள்ளவும் முடியாது. 2017-இல் லண்டனில் 24 பேரை, சோஹோ பகுதித் தெருக்களின் காட்சியில் வழி தேட வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாங்களே வழி தேடியவர்களுக்குப் புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. கிளைத்தெருக்கள் அதிகம் இருந்தால் சுறுசுறுப்பும் அதிகம். கருவி சொன்னபடி போனவர்களுக்கு அந்தத் துள்ளல் இல்லை.

2020-இல் கனடாவில் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோவும் 50 ஓட்டுநர்களைச் சோதித்தார்கள். வாழ்நாளில் ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்குத் துணையில்லாமல் வழி கண்டுபிடிக்கும்போது இட நினைவு மங்கலாக இருந்தது. மூன்று ஆண்டு கழித்து மறுபடி சோதித்தது 13 பேரைத்தான். அவர்களில் அதிகம் பயன்படுத்தியவர்களுக்குச் சரிவும் அதிகம். எண்ணிக்கை சிறியது, அதை மனதில் வையுங்கள்.

என் வழக்கம் என்னவென்றால், கிளம்பும் முன் முழு வரைபடத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். வழி தவறினால் எடுப்பேன். ஆனால் ஏற்கெனவே தடுமாறத் தொடங்கிவிட்ட பெரியவருக்கு இந்த உபதேசம் வேண்டாம். அவருக்குப் போன் பாதுகாப்பு, கையிலேயே இருக்கட்டும்.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் மூளை பெரிதாமே?

பின்பக்க ஹிப்போகேம்பஸ் மட்டும். லண்டன் கறுப்பு டாக்ஸி உரிமம் வாங்க 'நாலெட்ஜ்' என்று ஒரு தேர்வு உண்டு. நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனதில் வைத்திருக்க வேண்டும். படித்து முடிக்க மூன்று நான்கு வருடம் ஆகும். எலினர் மக்வயர் 2000-இல் ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து பின்பக்க ஹிப்போகேம்பஸ் பெரிதாக இருப்பதைக் காட்டினார். பெரிதாக இருந்ததால் அந்தத் தொழிலுக்கு வந்தார்களோ என்று கேட்கலாம். அதற்குத்தான் பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்தில் ஸ்கேன் செய்து, கடைசியில் திரும்பி வந்தவர்களை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. தேறிய 39 பேருக்கு மட்டும் வளர்ந்திருந்தது. விலையும் கொடுத்திருந்தார்கள். சிக்கலான ஒரு படத்தைப் பார்த்து, பிறகு நினைவிலிருந்து வரைவதில் அவர்கள் சற்று மோசம்.

இதே ஓட்டுநர்களில் ஒருவருக்கு நோயால் இரண்டு ஹிப்போகேம்பஸும் சேதமானது. லண்டனை அப்படியே கணினியில் அமைத்து அவரை ஓட்டவிட்டார்கள். பிரதான சாலைகளில் பிசகில்லாமல் போனார். சந்துகளுக்குள் நுழைய வேண்டிய பயணங்களில் தொலைந்துபோனார். பழைய ஊர் அழியாது என்று மேலே சொன்னேன். எலும்புக்கூடு தங்கும், நுணுக்கம் போகும் என்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று நிறையப் பேரின் வாட்ஸ்அப்பில் சுற்றியது. சுமார் 90 லட்சம் மரணப் பதிவுகள், 443 தொழில்கள். வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு, அல்சைமரால் இறந்தவர்கள் பொதுவாக 1.69 சதவீதம், டாக்ஸி ஓட்டுநர்களில் 1.03. ஒரே தடத்தில் ஓட்டும் பஸ் ஓட்டுநர்களிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காரணத்தை நிரூபிக்காது. வழியில் தடுமாறுகிறவர் அந்தத் தொழிலில் நீடிக்கமாட்டார் என்பதே விளக்கமாக இருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்தால் காப்பாற்றலாம்?

நடக்கலாம். 2011-இல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழு 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடம் கழித்து நடந்தவர்களின் முன்பக்க ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. எல்லா ஆய்விலும் இவ்வளவு துல்லியமாக வருவதில்லை. இருந்தாலும் நடப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

மொட்டைமாடியில் எட்டுப் போடுவதைவிடத் தெருவில் நடப்பது எனக்குப் பிடிக்கும். புது வழியில் போய் வீடு திரும்புவது காலுக்கும் பயிற்சி, வரைபடத்துக்கும் பயிற்சி. நம் நடைபாதைகளின் லட்சணத்தில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். காது கேட்கவில்லை என்றால் கருவி மாட்டுங்கள். காசு கொடுத்து வாங்கும் மூளைப்பயிற்சி விளையாட்டுகள் அந்த விளையாட்டில் உங்களைக் கெட்டிக்காரர் ஆக்கும், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது?

ஒரே மாதிரி இருப்பதைக் கெடுங்கள். எங்கள் வாசலில் பெரிய மஞ்சள் கோலம் ஒன்றைப் பெயின்ட்டில் போட்டோம். பித்தளை மணி ஒன்று தொங்குகிறது. லிஃப்ட் திறக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் "5" என்று எழுதச் சங்கத்தில் அனுமதி வாங்கினோம். மற்ற மாடிக்காரர்களும் பிறகு எழுதிக்கொண்டார்கள்! பாத்ரூம் கதவு இரவில் திறந்தே இருக்கும், உள்ளே சின்ன விளக்கு எரியும். மேசை நாற்காலியை அடிக்கடி இடம் மாற்றுவதில்லை. முதல் மாதம் தினமும் ஒரே நேரம், ஒரே பாதை. அது பதிந்த பிறகு ஒவ்வொரு கிளைத்தெருவாகச் சேர்த்தோம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நன்கு பழகிய இடத்தில் ஒரு தடவைக்கு மேல் தொலைந்தால். வழி தவறியதே தெரியாமல் நடந்துகொண்டிருந்தால். கூடவே பணக்கணக்கு, சமையல், மாத்திரை போன்ற பழகிய வேலைகளிலும் பிசகு வந்தால். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால்.

வழித் தடுமாற்றத்தை மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அல்சைமரில் டாவ் என்ற புரதம் முடிச்சுப்போடத் தொடங்கும் முதல் இடங்களில் ஒன்று எண்டோரைனல் கார்டெக்ஸ், கட்டச் செல்கள் குடியிருக்கும் அதே இடம். பெயர் மறப்பதற்கு முன்பே வழி மறக்கலாம். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று திகைப்பூண்டை மிதித்தவர் மாதிரி விழித்தால், அது மறதி நோயின் பாணி இல்லை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, பக்கவாதம், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, சளிக்கு வாங்கிப்போட்ட தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு, பி12 குறைவு போன்றவை மெதுவாக வரும், ரத்தப் பரிசோதனையில் தெரியும், சரிசெய்யலாம்.

சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் முதியோருக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்ற குழப்பத்துக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான். அப்பாவைத் தேதி, கிழமை கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வரைந்துவிட்டு, "காலையிலா ராத்திரியிலா?" என்று டாக்டரையே கேட்டார்.

காணாமல் போய்விட்டால்?

அரை மணி நேரம் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். 24 மணி நேரம் ஆனால்தான் போலீஸில் புகார் எடுப்பார்கள் என்பது சினிமாப் பேச்சு. 112-ஐ அழையுங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவரே திரும்பி வரலாம். தேடுகிறவர்கள் முதலில் பக்கத்திலேயே தேடுங்கள்: மாடிப்படிக்கு அடியில், வண்டி நிறுத்துமிடத்தில், புதர், காலிமனை, கிணறு, குளம். மறதி நோய் உள்ளவர் பல சமயம் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கமாட்டார், யாரிடமும் உதவி கேட்கமாட்டார், தடை வரும்வரை நடந்துகொண்டே இருப்பார். அடுத்தது பழைய வீடு, பழைய வேலையிடம், ஊருக்குப் பஸ் ஏறும் இடம்.

ஜப்பானில் மட்டும் ஆண்டுக்கு 18,000 பேருக்கு மேல் இப்படிக் காணாமல் போனதாகக் காவல்துறையில் பதிவாகிறது. சட்டைப்பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை, போனில் இந்த மாதம் எடுத்த முழு உருவப் படம் இரண்டும் எப்போதும் இருக்கட்டும்.

பேசாமல் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

துணைக்கு ஆள் இருந்தால், உடம்பு இடம் கொடுத்தால், அதுவும் ஒரு நல்ல முடிவுதான். அழைத்து வந்து வைத்துக்கொள்வது மட்டுமே பாசம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. நாங்களும் கேட்டோம். "அங்க உங்கம்மா இல்லாத வீட்டுல என்ன பண்றது?" என்றார். பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

புரை அறுவை முடிந்து ஏழெட்டு வாரத்தில் தனியாக நடக்கத் தொடங்கினார். வழி எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பறக்கும் ரயில் பாலத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கட்டடங்களுக்கு நடுவே அது எங்கே தெரிகிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறாராம். "அதுதான் இந்த ஊர்ல கோபுரம் மாதிரி. என்ன, ஒரு பக்கம்தான் இருக்கு" என்றார்.